'விழிப்புணர்வு இல்லை' என்றொரு சால்ஜாப்பு

குடல் புற்றுநோயைப் பற்றி எந்த டாக்டர் பேட்டி கொடுத்தாலும், எந்தப் பத்திரிகை கட்டுரை போட்டாலும், கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். "மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை." அவ்வளவுதான், கேஸ் முடிந்தது. நோயாளி ஏன் லேட்டாக வந்தார்? விழிப்புணர்வு இல்லை. ஏன் டெஸ்டுக்கு வரவில்லை? விழிப்புணர்வு இல்லை. ரொம்ப வசதியான வாக்கியம். படுக்கையில் கிடக்கிறவர் எழுந்து வந்து மறுப்பு அறிக்கை விடப்போவதில்லை அல்லவா?

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இதே வாக்கியம் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு வரும். அங்கே அதற்குப் பெயர் 'நோயாளி சார்ந்த காரணிகள்'. கொலோனோஸ்கோபிக்கு யார் அதிக நாள் காத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பார்கள். வயது, பாலினம், படிப்பு, வருமானம், வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள தூரம், கூட வர ஆள் உண்டா இல்லையா என்றெல்லாம் பட்டியல் போடுவார்கள். கணக்கெடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் தலைப்பைக் கவனியுங்கள். தூரம் எப்படி நோயாளி சார்ந்த காரணி ஆகும்? ஆஸ்பத்திரியைத் தூரத்தில் கட்டியது நோயாளியா?

இந்த டெஸ்ட் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நுனியில் கேமரா வைத்த, ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளமுள்ள வளையும் குழாயை ஆசனவாய் வழியாக விட்டு, பெருங்குடலை முழுக்கப் பார்ப்பது. அரைமணி நேர வேலை. சதை மொட்டு ஏதாவது இருந்தால் அங்கேயே வெட்டி எடுத்துவிடலாம். மொட்டு புற்றாக மாற பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். அதனால் இது கண்டுபிடிக்கிற டெஸ்ட் மட்டுமல்ல, வராமல் தடுக்கிற டெஸ்டும்கூட.

இப்போது விக்கிரமசிங்கபுரத்துக்கு வாருங்கள். பாபநாசத்துக்கு முந்தின ஊர். தாமிரபரணி மலையை விட்டு இறங்கியதும் தொடுகிற முதல் ஊர்களில் ஒன்று. பாபநாசம் நீர்வீழ்ச்சியின் விசையை நம்பி ஹார்வி கம்பெனி 1880களில் பஞ்சாலை போட்டது, அந்த ஆலைதான் ஊரை வளர்த்தது. ஆலை வேலைக்குப் போனவர்களுக்கு சம்பளச் சீட்டு உண்டு, ஈ.எஸ்.ஐ. உண்டு. ஆலைக்குப் போகாத வீட்டுப் பெண்களில் எத்தனையோ பேருக்கு மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும். அம்பை, முக்கூடல், கடையம், ஆழ்வார்குறிச்சி என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பீடி சுற்றுகிற பூமி. பீடிக்காரர்களுக்கு என்று 1976-ல் நல நிதிச் சட்டம் வந்தது. பீடிக்குப் போட்ட தனி செஸ் அந்த நிதிக்குப் போயிற்று. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த செஸ்ஸையே எடுத்துவிட்டார்கள் (இந்தக் கதையைத் தனியாகவே எழுத வேண்டும்).

வி.கே.புரத்தில் பீடி சுற்றும் ஐம்பத்திரண்டு வயது அம்மா ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நிஜத்தில் இல்லாதவர்தான். ஆனால் இவருக்கு நடப்பது எதுவும் புதிதல்ல.

வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறது. அவர் என்ன நினைப்பார்? மூலம். ஏன் மூலம் என்று நினைக்கிறார்? நெல்லையிலிருந்து பாபநாசம் வரை பஸ்ஸில் வந்து பாருங்கள். சுவரெல்லாம் அதுதான் எழுதியிருக்கும். மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம், கீழே போன் நம்பர். ரத்தம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுத்த ஒரே ஆசிரியர் அந்தச் சுவர்தான். ஆக, விழிப்புணர்வு இல்லை என்பதே பொய். விழிப்புணர்வு ஏராளமாக இருக்கிறது. அதைப் பெயிண்ட் டப்பாவோடு வந்தவன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அரசாங்கம் கொடுக்கவில்லை.

அதன் பிறகு தலைசுற்றல், மூச்சு வாங்குதல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்க்கிறார்கள். ஹீமோகுளோபின் குறைவு. இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். நியாயம்தான், கொடுக்க வேண்டியதுதான். ஆனால் 'எங்கே போகிறது ரத்தம்?' என்கிற கேள்வி வருகிறதா? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. பாதிப் பேருக்கு மேல் சோகை இருக்கிற ஊரில் சோகை ஒரு நோயாகத் தெரியாது, அது பெண்களின் நிறம் மாதிரி ஆகிவிடும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும், எந்த வயது ஆணுக்கும், இரும்புச் சத்துக் குறைவால் சோகை வந்தால் மேல் குடலையும் கீழ் குடலையும் குழாய் விட்டுப் பாருங்கள் என்று பிரிட்டிஷ் குடல் நோய் மருத்துவர்களின் 2021 வழிகாட்டி சொல்கிறது. பெருங்குடலின் வலது பக்கத்தில் வருகிற கட்டி கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் காட்டாது. சொட்டுச் சொட்டாகக் கசிந்து, சோகையாக மட்டும் வெளியே வரும். அந்த அம்மா மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கும் இந்த மாதங்கள் எந்தக் காத்திருப்புப் பட்டியலிலும் ஏறாது. ஏனென்றால் அவர் இன்னும் வரிசையிலேயே நிற்கவில்லை!

ஒருவழியாக யாரோ ஒரு நல்ல டாக்டர் சந்தேகப்பட்டு எழுதிக் கொடுக்கிறார். போக வேண்டியது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. 1965-ல் தொடங்கிய கல்லூரி. ஊர்க்காரர்கள் வாயில் என்றைக்கும் அது ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. வி.கே.புரத்திலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர். அம்பை, கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று நின்று நின்று போகும் பஸ். டவுன் இறங்கி, பாளையங்கோட்டைக்கு இன்னொரு பஸ். 2021-ல் வந்த பெண்களுக்கான இலவசப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸுக்குத்தான். வெளியூர் பஸ்ஸுக்கு அல்ல. போனால் ஓ.பி. சீட்டு, ரத்த டெஸ்ட், இன்னொரு நாள் வா, அப்புறம் தேதி. ஒவ்வொரு 'இன்னொரு நாள்' என்பதும் ஒரு நாள் பீடி. முறம் காலியாக இருந்தால் கூலியும் காலி.

தேதி கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அசல் சோதனை இனிமேல்தான். இந்தப் பகுதியைப் பற்றிப் பேச எல்லோருக்கும் கூச்சம், அதனாலேயே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொலோனோஸ்கோபிக்கு முன்னால் குடல் சுத்தமாகக் காலியாக வேண்டும். முந்தின நாள் கீரை, பழம், பருப்பு கிடையாது. பேதி மருந்துப் பொடியை இரண்டு லிட்டருக்கும் மேல் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். பாதியை முந்தின ராத்திரியும், மீதியை டெஸ்டுக்கு நாலைந்து மணி நேரம் முன்னாலும் குடிப்பதுதான் நல்ல முறை என்பது இப்போது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விஷயம். சரி, காலை ஒன்பது மணிக்கு டெஸ்ட் என்றால் இரண்டாவது பாதியை எப்போது குடிப்பது? விடியற்காலை நாலு மணிக்கு. குடித்தபின் வயிறு கலக்கிக்கொண்டு போகிற அந்த இரண்டு மணி நேரம் அந்த அம்மா எங்கே இருப்பார்? அரசு பஸ்ஸில். கக்கூஸ் இல்லாத பஸ்ஸில். வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில், வாழைத் தோப்புப் பக்கம் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கேட்க முடியுமா ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணால்?

வீட்டில் என்ன நிலைமை? லைன் வீடு, நாலு குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ் என்றால், ராத்திரி பத்துப் பன்னிரண்டு முறை எழுந்து போவதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பயந்து பாதி மருந்தைக் கொட்டிவிடுவார். குடல் சுத்தமாகாது. குழாய் உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது. "ப்ரிப்பரேஷன் சரியில்லை, இன்னொரு தேதி வாங்கிக்கோங்க." மறுபடி வரிசையின் வாலில். கேஸ் ஷீட்டில் என்ன ஏறும்? நோயாளி ஒத்துழைக்கவில்லை. வருஷக் கடைசியில் யாராவது பி.ஜி. மாணவர் அந்த ஷீட்டுகளை எடுத்து ஆய்வு செய்தால் என்ன வரும்? நோயாளி சார்ந்த காரணி. வட்டம் முழுமை!

முந்தின நாளே அட்மிட் செய்து மருந்து கொடுக்கிற வழக்கமும் உண்டு. நல்ல வழக்கம், கட்டில் இருந்தால். அப்போது இரண்டு நாள் கூலி போகும், கூட இருப்பவரின் கூலியும் சேர்ந்து. மயக்க ஊசி போடுவதால் துணைக்கு ஆள் இல்லாமல் டெஸ்ட் செய்ய மாட்டார்கள். அதுவும் சரியான விதிதான். ஆனால் மகன் திருப்பூரிலோ கேரளாவிலோ வேலை பார்க்கிறான், மகளுக்குக் கைக்குழந்தை, வீட்டுக்காரர் இல்லை என்றால்? 'துணை இல்லை' என்பதும் நோயாளி சார்ந்த காரணிதானாம்.

சரி, இதே ஊரில் இன்னொருவர். அதே வயது, அதே ரத்தம். கையில் இன்சூரன்ஸ் கார்டோ சில ஆயிரம் ரூபாயோ இருக்கிறது. போன் போடுகிறார், நாளை மறுநாள் டெஸ்ட். கார் வைத்துக்கொண்டு போகிறார். தனி அறை, தனிக் கழிப்பறை, அங்கேயே மருந்து. இவருடைய விழிப்புணர்வு அந்த அம்மாவுடையதைவிட எத்தனை கிராம் அதிகம்? தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் வேலை நேரம் போகத் தனியாகப் பார்க்கலாம். ஆகவே சில சமயம் இரண்டு பேருக்கும் குழாய் விடுகிற கைகூட ஒன்றாகவே இருக்கலாம். மாறுவது வரிசை மட்டும்தான்.

கூச்சம் என்று ஒன்று இருக்கிறதே, அது விழிப்புணர்வுக் குறைவுதானே என்று கேட்பவர்களுக்கு: நார்வே, ஸ்வீடன், போலந்து மூன்று நாடுகளிலும் 55 முதல் 64 வயதுக்காரர்கள் சுமார் 28 ஆயிரம் பேருக்கு, ஒருமுறை கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வாருங்கள் என்று அழைப்பு அனுப்பிப் பார்த்தார்கள். முடிவு 2022-ல் வெளிவந்தது. வந்தவர்கள் 42 சதவீதம். மீதி 58 பேர்? எழுதப் படிக்கத் தெரியாதவர்களா? அமெரிக்காவில் 2005-ல் 202 பெண்களிடம் கேட்டபோது 43 சதவீதம் பேர் பெண் டாக்டர்தான் வேண்டும் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் 87 சதவீதம் பேர் அதற்காக ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்கவும் தயார் என்றார்கள். அமெரிக்கப் பெண் கேட்டால் அது 'தேர்வு'. அம்பாசமுத்திரம் தாலுகா பெண் கேட்டால் அது அறியாமை!

இன்னொரு கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்லிவிட வேண்டும். காத்திருந்தால் அப்படி என்ன ஆகிவிடும்? சில வாரங்களில் ஒன்றும் ஆகாது. கலிஃபோர்னியாவில் மலத்தில் ரத்தம் இருப்பதாக டெஸ்டில் தெரியவந்த சுமார் 70 ஆயிரம் பேரை ஆராய்ந்து 2017-ல் ஒரு கட்டுரை வந்தது. ஒரு மாதத்துக்குள் கொலோனோஸ்கோபி செய்தவர்களுக்கும் எட்டு ஒன்பது மாதம் கழித்துச் செய்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பத்து மாதத்தைத் தாண்டியதும் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு ஏறியது. ஒரு வருஷத்துக்கு மேல் போனவர்களுக்கு அது இரண்டு மடங்கைத் தாண்டியது, முற்றிய நிலையில் இருக்கும் வாய்ப்பு மூன்று மடங்கைத் தாண்டியது. அதுவும் அறிகுறி எதுவும் இல்லாமல் டெஸ்டில் மட்டும் சிக்கியவர்கள் கணக்கு. ஆக, ஹைகிரவுண்டில் மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள் என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம். சுவர் விளம்பரத்தில் ஆறு மாதம், இரும்பு மாத்திரையில் எட்டு மாதம், திருப்பி அனுப்பியதில் இரண்டு மாதம் என்று கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டல்தான் கொல்கிறது.

அந்தக் கூட்டலை யாரும் போடுவதில்லை என்பதுதான் குற்றச்சாட்டே. கனடாவின் குடல் நோய் மருத்துவர் சங்கம் 2006-லேயே எழுதி வைத்தது: புற்று என்று பலமான சந்தேகம் இருந்தால் இரண்டு வாரம், மலத்தில் ரத்த டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் இரண்டு மாதம். இங்கிலாந்தில் இம்மாதிரி டெஸ்டுக்கு ஆறு வாரத்துக்கு மேல் காத்திருப்பவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் இருக்கக்கூடாது என்று இலக்கு. அந்த இலக்கை அவர்கள் பல வருஷமாக எட்டவில்லை, மோசமாகத் தோற்கிறார்கள். ஆனால் தோற்பது ஊருக்கே தெரிகிறது. எந்த டெஸ்டுக்கு எத்தனை பேர், எத்தனை வாரம் என்று மாதாமாதம் எண்ணைப் போட்டு வெளியிடுகிறார்கள். தமிழ்நாட்டில் இந்த டெஸ்டுக்கு அப்படி ஒரு மாதாந்திரப் பட்டியல் மக்கள் கண்ணில் படுவதில்லை. எண்ணாத வரிசைக்கு நீளமே கிடையாது, அப்புறம் என்ன குறை?

சரி, காரணிகள் நோயாளியோடு ஒட்டிப் பிறந்தவை என்றால் அவற்றை யாராலும் மாற்ற முடியாதல்லவா? அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் மாற்றிக் காட்டினார்கள். சின்ன மாநிலம். கறுப்பின மக்கள் வெள்ளையரைவிடக் குறைவாகவே இந்த டெஸ்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். விழிப்புணர்வு இல்லை, நம்பிக்கை இல்லை என்று அங்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2002 வாக்கில் ஒரு திட்டம் போட்டார்கள். காப்பீடு இல்லாதவர்களுக்கு டெஸ்ட் செலவை மாநிலமே ஏற்றது. புற்று தெரிந்தால் சிகிச்சைச் செலவையும் ஏற்றது. அதைவிட முக்கியம், வழிகாட்டும் நர்ஸ்களை ஆஸ்பத்திரிகளில் வைத்தார்கள். தேதி வாங்கித் தருவது, மருந்தை எப்படிக் குடிப்பது என்று சொல்வது, போக்குவரத்துச் சிக்கலைத் தீர்ப்பது, வராதவரைத் தேடிப் பிடிப்பது அவர்கள் வேலை. 2001-ல் டெஸ்ட் செய்துகொண்ட கறுப்பினத்தவர் 48 சதவீதம், வெள்ளையர் 58. 2009-ல் இரண்டு பேரும் 74! பரவிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட கறுப்பின நோயாளிகள் 79 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைந்தார்கள். எட்டே வருஷத்தில் ஒரு இனத்தின் 'காரணிகள்' எங்கே போயின?

இந்தியாவில் இந்தப் புற்று குறைவு, எல்லோருக்கும் குழாய் விடுவது முட்டாள்தனம் என்பார்கள். முழுக்க உண்மை. கேட்பது அதுவல்ல. ரத்தம் போகிறது, சோகை இறங்கவில்லை, எடை குறைகிறது என்று வாசலில் வந்து நிற்பவரைப் பற்றித்தான் பேச்சு. 'வயசு கம்மி, மூலமாத்தான் இருக்கும்' என்று அனுப்புவதற்கும் இங்கே இடமில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 800 நோயாளிகளைப் பார்த்து 2017-ல் எழுதியதில் சராசரி வயதே 47தான். டாக்டர்களைக் குறை சொல்வதும் நோக்கமில்லை. ஒரு நாளில் அவர்கள் பார்க்கிற கூட்டத்தை மேலைநாட்டு டாக்டர் பார்த்தால் ஓடிவிடுவார். ஆனால் கூட்டம் அதிகம் என்பது வேறு, கூட்டத்தில் எப்போதும் ஒரே ஆட்களே பின்னுக்குத் தள்ளப்படுவது வேறு.

செய்யக்கூடியவை ஒன்றும் ராக்கெட் விடுகிற காரியமில்லை. மலத்தில் மறைந்த ரத்தம் காட்டும் டெஸ்டை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வையுங்கள். யாருக்கு அவசரம் என்று அங்கேயே பிரித்துவிடலாம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது பி.பி., சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கு வந்தது. அதே வாசலில் 'வெளிக்குப் போகும்போது ரத்தம் வருதா தாயி?' என்று கேட்க எத்தனை நிமிஷம் ஆகும்? நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிறவருக்கு மத்தியானத் தேதி கொடுங்கள், காலையில் பாளையங்கோட்டைக்காரர் வரட்டும். மருந்து குடிக்கிற முறையைத் தமிழில், படத்தோடு, பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது பெண் டாக்டர் செய்யும் நாள் என்று அறிவியுங்கள்.

இதில் எதற்கும் காசில்லை என்றால், குறைந்தபட்சம் ரிஜிஸ்டரில் இரண்டு கோடு கிழிக்கலாம். தேதி கொடுத்த நாளுக்கு முன்னால், முதன்முதலில் ரத்தம் பார்த்த நாள் எது என்று ஒரு காலம். 'வரவில்லை' என்று எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஏன் வரவில்லை என்று நோயாளியையே கேட்டு எழுத இன்னொரு காலம். பஸ், கூலி, துணைக்கு ஆளில்லை, கக்கூஸ் இல்லை, சீட்டில் இங்கிலீஷ், ஆம்பளை டாக்டர் என்று அதில் ஏறிக்கொண்டே வரும். ஒரு வருஷம் கழித்து அந்தப் பக்கங்களைப் புரட்டி, 'விழிப்புணர்வு இல்லை' என்று எத்தனை பேருக்கு எழுத வேண்டி வந்தது என்று எண்ணிவிட்டு, அடுத்த பேட்டியைக் கொடுக்கட்டும்.